தேர்தல் கருத்துக்கணிப்பைப் படிப்பது எப்படி? சீட் கணக்கைக் கடைசியில் பாருங்கள்

டிவி திரையில் கருத்துக்கணிப்பு ஓடும்போது பெரிய எழுத்தில் தெரிவது சீட் எண்ணிக்கை. அந்த எண்ணை எந்த வாக்காளரும் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்டது ‘உங்கள் ஓட்டு யாருக்கு?’ என்பதை மட்டும்தான். வந்த பதில்களைச் சரிக்கட்டி வாக்கு சதவீதம் எடுக்கிறார்கள். அதன்மேல் இன்னொரு கணக்குப் போட்டு சீட் எடுக்கிறார்கள். முதல் படியில் விழுந்த இரண்டு புள்ளிப் பிழை, மூன்றாம் படியில் முப்பது சீட்டாகி நிற்கும். ஆகவே படிக்கும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் அடிக்குறிப்பு, பிறகு வாக்கு சதவீதம், எல்லாவற்றுக்கும் பின்னால் சீட்.

அடிக்குறிப்பில் ஐந்து விவரம் வேண்டும். எந்தத் தேதிகளில் ஆட்களைச் சந்தித்தார்கள், எத்தனை பேர், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், நேரிலா போனிலா, செலவு யாருடையது. இதில் மூன்றாவது இல்லாத கணிப்பை மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. தேதியையும் லேசாக விடாதீர்கள். கூட்டணி முடிவாவதற்கு முன்பு எடுத்த கணிப்பைக் கூட்டணி அறிவித்த பிறகு வெளியிட்டால், அது நடக்கப்போகாத ஒரு தேர்தலின் கணிப்பு. ‘முதல்வராக யார் வர வேண்டும்?’ என்ற கேள்விக்கு வந்த சதவீதத்தை வாக்கு சதவீதம்போல எடுத்துக்கொள்வதும் வழக்கமான தவறு. பிடித்த தலைவர் ஒருவர், ஓட்டுப் போடும் சின்னம் வேறொன்று என்று இருப்பவர்கள் எல்லா மாநிலத்திலும் உண்டு.

எத்தனை பேர் என்பதைவிட எப்படிப்பட்டவர்கள்

‘ஐந்து லட்சம் பேரிடம் எடுத்த மெகா கணிப்பு’ என்று விளம்பரம் வந்தால் 1936ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை ஒரு கோடி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் இரண்டே இரண்டில்தான் வென்றார். மற்ற 46ம் ரூஸ்வெல்ட்டுக்குப் போயின. முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரமே படுத்துக்கிடந்த அந்த வருஷங்களில் போனும் காரும் யாரிடம் இருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. சீட்டைத் திருப்பி அனுப்பியதும் ஒரு பகுதியினர்தான். கோணலான சாம்பிளைப் பெரிதாக்கினால் கோணல் நேராகாது.

நல்ல முறை என்பது சலிப்பான வேலை. தொகுதிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவற்றில் பூத்துகளையும் அப்படியே எடுத்து, பூத்தின் வாக்காளர் பட்டியலிலிருந்து ஆட்களைப் பிடிக்க வேண்டும். 1,000 பேர் உள்ள பூத்தில் 20 பேர் தேவையென்றால், ஒரு தொடக்க எண்ணைக் குலுக்கி எடுத்து அங்கிருந்து ஐம்பதுக்கு ஒருவர். அந்த ஆளைத்தான் தேடிப் போக வேண்டும். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் ஆகாது. களப்பணியாளருக்கு ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று இலக்கு வைத்தால் நடப்பது வேறு. டீக்கடை, பஸ் ஸ்டாண்ட் என்று ஆள் கிடைக்கும் இடமாகப் பார்த்து நிரப்பிவிடுவார். அந்தச் சாம்பிளில் ஆண்களும் இளைஞர்களும் பேசத் தயங்காதவர்களும் நிறைந்திருப்பார்கள். கூலி வேலைக்குப் போன பெண்கள் இருக்க மாட்டார்கள்.

இப்படி விழுந்த ஓட்டையை எடையிட்டு அடைப்பார்கள். போனில் எடுத்த கணிப்பில் 70 ஆண்கள், 30 பெண்கள் சிக்கினார்கள், வாக்காளர் பட்டியலில் பாதிப் பாதி என்றால், ஒவ்வொரு பெண்ணின் பதிலையும் 1.67 ஆகவும் ஆணின் பதிலை 0.71 ஆகவும் எண்ணுவார்கள். இது முறையான வேலைதான், ஆனால் இலவசமில்லை: 1,000 பேர் சாம்பிள் 840 பேர் சாம்பிளின் வலுவுக்கு இறங்கிவிடும். சாதிவாரியாக எடையிடும்போது சிக்கல் இன்னும் பெரிது. 1931க்குப் பிறகு நாடு முழுமைக்கும் எல்லாச் சாதிகளுக்குமான சென்சஸ் எண்ணிக்கை வெளியானதில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் கணக்கு மட்டும் 2011 வரை உண்டு. மற்றவர்களுக்கு நிறுவனம் கையில் வைத்திருப்பது மதிப்பீடு. மதிப்பீடு தவறினால் கணிப்பும் அதே பக்கம் சாயும்.

பிழை வரம்பை மனக்கணக்காகப் போடுவது

100ஐ, சாம்பிள் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 400 பேர் என்றால் கூட்டியோ குறைத்தோ 5 புள்ளி. 1,000 பேருக்கு ஏறத்தாழ 3, 2,500க்கு 2, 10,000க்கு 1. நூறு முறை எடுத்தால் 95 முறை உண்மை இந்த வரம்புக்குள் விழும் என்று பொருள். பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதும் இதிலேயே தெரியும்.

செய்தியில் சொல்லாமல் விடுவது அடுத்தது. இந்த வரம்பு ஒரு கட்சியின் சதவீதத்துக்கு. இரண்டு கட்சிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குப் பிழை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஏனென்றால் ஒன்றில் கூடியது பெரும்பாலும் இன்னொன்றில் குறைந்ததாக இருக்கும். 1,000 பேர் கணிப்பில் 40க்கு 38 என்று வந்தால் இடைவெளி 2, அதன் பிழை 5.5. ‘முன்னிலை’ என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை.

இன்னொன்று: ஒரே பூத்தில் எடுத்த 20 பேர் இருபது தனித்தனிச் சாட்சிகள் ஆக மாட்டார்கள். ஒரே தெரு, ஒரே சமூகம், ஒரே குடிநீர்ப் பிரச்சினை. அவர்கள் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் 10,000 பேர் கணிப்பு நடைமுறையில் 5,000 பேர் கணிப்பாகவே வேலை செய்யலாம். அறிவிக்கும் பிழை வரம்பில் இதைச் சேர்த்தார்களா என்று பாருங்கள். சேர்க்கவில்லையென்றால் நீங்களே ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

மாநில எண்ணைப் பிரித்துத் தொகுதிக்குத் தொகுதி ஜோசியம் சொல்வதையும் இதே கணக்கு உடைக்கும். தமிழ்நாட்டில் 234 தொகுதிக்கும் சேர்த்து 10,000 பேர் என்றால் தொகுதிக்கு 43 பேர்; பிழை 15 புள்ளி. கொங்கு மண்டலம், டெல்டா என்று மண்டலவாரியாகச் சொன்னால் ஓரளவு பொருளுண்டு. ‘இந்தத் தொகுதியில் இன்னார்’ என்றால் அது நிருபரின் ஊகம். கணிப்பின் பெயரில் வருகிறது, அவ்வளவுதான்.

‘சொல்ல மாட்டேன்’ என்றவர்கள் எங்கே போனார்கள்?

2,000 பேரில் அ கட்சி 34, ஆ கட்சி 32, மற்றவர்கள் 14, பதில் சொல்லாதவர்கள் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டிவியில் கடைசி 20ஐ எடுத்துவிட்டு மீதியை நூறாக்குவார்கள்: 42.5, 40, 17.5. இரண்டு புள்ளி இடைவெளி இரண்டரை ஆகிவிட்டது, சாம்பிள் 1,600க்குச் சுருங்கிவிட்டது, பதில் சொல்லாதவர்களும் சொன்னவர்களைப் போலவே ஓட்டுப் போடுவார்கள் என்ற அனுமானமும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. ஆளுங்கட்சிக்கு எதிராகவோ, ஊரில் பலமுள்ள சமூகத்துக்கு எதிராகவோ ஓட்டுப் போடுகிறவர் முன்பின் தெரியாத ஆளிடம் வாய் திறக்கத் தயங்குவார். பதில் சொல்லாதவர்கள் பத்து சதவீதத்தைத் தாண்டி, முன்னணி அதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் கணிப்பு வெற்றியாளரைச் சொல்லவில்லை என்றே வையுங்கள். மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, தானே முத்திரையிட்டுப் பெட்டியில் போடச் சொல்லும் முறை இந்தத் தயக்கத்தைக் குறைக்கும். அப்படிச் செய்ததாகக் குறிப்பு இருந்தால் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடலாம்.

சீட் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

நம் முறையில் தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர். அதனால் ஓட்டுக்கும் சீட்டுக்கும் நேர் விகிதம் கிடையாது. 2014 மக்களவைத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தில் பாஜக 42 சதவீத ஓட்டில் 80க்கு 71 சீட் எடுத்தது. ஏறத்தாழ 20 சதவீதம் வாங்கிய பகுஜன் சமாஜுக்கு ஒன்றுகூட இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் திமுக கூட்டணி 47 சதவீதத்தை ஒட்டி வாங்கி 39க்கு 39. காரணம், எதிர்ப்பக்க ஓட்டு அதிமுக அணி, பாஜக அணி, நாம் தமிழர் என்று பிரிந்து கிடந்தது.

ஸ்ப்ரெட்ஷீட் தெரிந்தால் ஒரு மாலை வேலை. தேர்தல் ஆணையத் தளத்திலிருந்து போன தேர்தலின் தொகுதிவாரி முடிவை எடுத்து, ஒவ்வொரு தொகுதியிலும் முதல் இருவரின் வாக்கு சதவீத வித்தியாசத்தை எழுதி, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். போன முறை மாநில அளவில் அ 42, ஆ 38; புதுக் கணிப்பில் இருவரும் 40 என்றால், அ இரண்டு இறங்கி ஆ இரண்டு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் அ-வின் முன்னணியில் 4 புள்ளி கழியும். அ நான்குக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதிகளை எண்ணுங்கள், அவை கைமாறும். கற்பனையாக, 200 சீட் சபையில் அ-விடம் இருந்த 130இல் இப்படி 34 போனால் மீதி 96.

இங்கேயே நிறுத்திவிட வேண்டாம். கணிப்பின் பிழை 2 புள்ளி என்றால், உண்மை 42-38 ஆகவும் இருக்கலாம், 38-42 ஆகவும் இருக்கலாம். முதலாவதில் கழிவு பூஜ்யம். 130 அப்படியே நிற்கும். இரண்டாவதில் கழிவு 8. எட்டுக்குள் ஜெயித்தவை 61 என்றால் மிஞ்சுவது 69. ஆக, அந்தக் கணிப்பு உண்மையில் சொன்னது ‘69இலிருந்து 130 வரை’. இதே தரவை வைத்துக்கொண்டு ‘அ: 92-98’ என்று போடுகிறார்கள் என்றால், அந்தக் குறுகிய வரம்பு நம்பகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்த அலங்காரம்.

இந்தக் கணக்கும் கோணும் இடங்கள் உண்டு. ஓட்டு மாற்றம் எல்லாத் தொகுதியிலும் ஒரே அளவு நடக்காது. மண்டலவாரி எண் கிடைத்தால் மண்டலவாரியாகக் கழியுங்கள். கூட்டணி மாறியிருந்தால் பழைய ஓட்டுகளைப் புதுக் கூட்டணிப்படி கூட்டி எழுத வேண்டும். அப்போது சேர்ந்த கட்சியின் ஓட்டு முழுதும் இடம் மாறும் என்று எடுக்காமல் 60, 80, 100 சதவீதம் என்று மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் கணிப்புகள் சறுக்குவதற்கு இதுவே அதிகக் காரணம் என்பது என் எண்ணம்.

நெருக்கமான போட்டியில் எந்தக் கணிப்பும் உதவாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 ஹரியானா சட்டமன்றத் தேர்தல்: பாஜக 39.94 சதவீதம், காங்கிரஸ் 39.09. ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. சீட் 48க்கு 37. 2016 தமிழ்நாட்டில் இரண்டு பெரிய அணிகளுக்கும் நடுவே சுமார் ஒரு புள்ளி. மே மாதம் தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அதிமுக 134, திமுக அணி 98.

எக்ஸிட் போல்

ஓட்டுப் போட்டு வந்தவரிடம் கேட்பதால் ‘வாக்களிப்பாரா’ என்ற சந்தேகம் இங்கில்லை. மற்ற நோய்கள் எல்லாம் அப்படியே உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் ஆக்சிஸ் மை இந்தியா என்ற கணிப்பு நிறுவனம் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361-401 சீட் என்றது, வந்தது 293. கீழ் எல்லையிலிருந்தே 68 குறைவு. எங்கே தவறியது என்று மாநிலவாரியாகப் பிரித்தால் உத்தரப் பிரதேசத்தில் சொன்ன 67-72க்கு வந்தது 36, மேற்கு வங்கத்தில் 26-31க்கு 12, மகாராஷ்டிரத்தில் 28-32க்கு 17. கீழ் எல்லையிலிருந்து பார்த்தாலே இந்த மூன்றில் மட்டும் 56 போயிற்று. தேசிய எண்ணை வைத்துத் திட்டுவதைவிட இப்படிப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது: அடுத்த முறை எந்த மாநிலத்து எண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்று தெரியும்.

அன்று பெரும்பாலான நிறுவனங்களும் 350ஐத் தாண்டித்தான் சொல்லின. குலுக்கலில் வரும் பிழை என்றால் சில மேலேயும் சில கீழேயும் சிதறியிருக்க வேண்டும். எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்தால், ஒரே வகை வாக்காளர்களை எல்லோரும் தவறவிட்டார்கள், அல்லது தனித்துத் தெரியப் பயந்து ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினார்கள். ‘கணிப்புகளின் சராசரி’ என்று போடும் பட்டியல் இந்தச் சாய்வைக் குறைக்காது. சாய்ந்ததைக் கூட்டி வகுத்தாலும் சாய்ந்ததுதான் வரும்.

சட்டமும் ஒரு வடிகட்டி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவுப்படி, முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியது முதல் கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எக்ஸிட் போல் வெளியிடக் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். எனவே வாக்குப்பதிவு நாள் மதியம் வாட்ஸ்அப்பில் வரும் ‘எக்ஸிட் போல் லீக்’ ஒன்று சட்ட மீறல், இல்லையென்றால் கட்டுக்கதை. பிபிசி சர்வே என்று தேர்தல்தோறும் ஒரு படம் சுற்றும். இந்தியாவில் தேர்தல் கணிப்பு எதையும் தாங்கள் நடத்துவதில்லை என்று அந்த நிறுவனமே பலமுறை மறுத்திருக்கிறது. எக்ஸ் தளத்திலும் யூடியூபிலும் நடத்தும் ஓட்டெடுப்புகள் கணிப்பே கிடையாது. பின்தொடர்கிறவர்களின் தலையெண்ணிக்கை, அதுவும் எந்த அணி முதலில் லிங்கைப் பரப்பியது என்பதைப் பொறுத்தது.

ஒரு நிறுவனத்தை நம்பலாமா என்று முடிவு செய்ய, முடிவு வந்த அன்று ஒரு நோட்டில் மூன்று எண்களைக் குறித்துவையுங்கள்: அவர்கள் சொன்ன வாக்கு சதவீதம், வந்த சதவீதம், எந்தப் பக்கம் தவறினார்கள். சீட்டை எழுத வேண்டாம். தவறான சதவீதத்திலிருந்து சரியான சீட் எண்ணிக்கை தற்செயலாக வந்துவிடும், விளம்பரத்தில் அதைத்தான் காட்டுவார்கள். நான்கைந்து தேர்தல் சேர்ந்ததும், அடுத்த கணிப்பில் யாருக்கு எத்தனை புள்ளி கூட்டிக் கழித்துப் படிப்பது என்று அந்த நோட்டே காட்டும்.