நெஞ்சு ஸ்டென்ட் வேறு, கிட்னி ஸ்டென்ட் வேறு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மனைவியின் பெரியம்மாவுக்கு ஒரு மே மாதம் கிட்னிக்குழாயில், அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பக்கவாட்டில் பரவி, கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்கள் இரண்டையும் நெரித்திருந்தது. வீடு திரும்பிய அன்று எல்லோர் முகத்திலும் நிம்மதி. "உங்க பெரியப்பாவுக்கு நெஞ்சுல வெச்சு பன்னெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் கோயில்ல பந்தி பரிமாறிட்டு நிக்கிறார்" என்றார் மாமியார். அந்த ஒப்பீடுதான் எங்களைக் கவிழ்த்தது.

டர்பன் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் சுகரும் மாரடைப்பும் சர்வசாதாரணம். அதனால் ஸ்டென்ட் என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வைத்தால் வேலை முடிந்தது, மாத்திரையை மட்டும் விடாமல் போட வேண்டும், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். நெஞ்சில் வைக்கும் கம்பிவலைக்கு அது சரி. ரத்தக்குழாயின் சுவரோடு ஒட்டி, மேலே மெல்லிய தோல் படர்ந்து, அது அங்கேயே தங்கிவிடும்.

கிட்னிக்குழாயில் வைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் குழல். 22 முதல் 30 செ.மீ. நீளம், ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன். இரண்டு முனையும் பன்றி வால்போலச் சுருண்டிருக்கும். மேல்சுருள் கிட்னியில், கீழ்ச்சுருள் சிறுநீர்ப்பையில். 1978-ல் ராய் ஃபின்னி என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்த இந்த வடிவத்தை டாக்டர்கள் டபுள் ஜே என்பார்கள். இது ராத்திரி பகலாகச் சிறுநீரில் ஊறிக் கிடக்கிறது. கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிவதுபோல இதன்மேலும் உப்பு படியும், கிருமி ஒட்டும், ஓட்டை அடைபடும். ஆகவே மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பழையதை உருவிவிட்டுப் புதியதை வைத்தாக வேண்டும். புற்றுநோய்க்காரர்களுக்குப் பொதுவாக மூன்று மாதக் கணக்குதான். நல்ல ஸ்டென்ட்டாகப் பார்த்து வையுங்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு வருடம்வரை தாங்கும் உலோக ஸ்டென்ட் உண்டு, விலை அதிகம், அதற்கும் கெடு உண்டு.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஆகஸ்ட்டில் மாற்ற வேண்டும் என்று டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி இருந்தது. தாள் எக்ஸ்ரே உறைக்குள் போனது, உறை அலமாரிக்கு மேலே போனது. மருத்துவமனையிலிருந்து தேதி வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர்கள் பட்டியலில் பெரியம்மாவின் பெயர் ஏறவே இல்லை. எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை, பாதித் தப்பு எங்களுடையது. செப்டம்பரில் என் மனைவிக்குத் தாள் ஞாபகம் வந்தபோது, "புரட்டாசி முடியட்டும், விரத நேரத்துல ஆஸ்பத்திரி வேணாம்" என்று பெரியம்மாவே தள்ளிப்போட்டார். அக்டோபரில் ஒரு நாள் உடம்பு தூக்கிப்போடும் குளிர்நடுக்கம்.

தேதி நம்மைத் தேடி வரும் என்று இருக்கக் கூடாது. வைத்த நாளையும் மாற்ற வேண்டிய நாளையும் கிளினிக் அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். வலமா இடமா, ஒன்றா இரண்டா என்பதையும் சேர்த்து. கெடுவுக்கு ஆறு வாரம் முன்பே நேரில் போய்க் கேளுங்கள். கெடு டிசம்பர் கடைசியில் விழுந்தால் இன்னும் முன்னதாகவே போங்கள். இந்த நாட்டில் அந்த மூன்று வாரம் பாதி உலகம் மூடியிருக்கும். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பவர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்கூட்டியே அனுமதி எண் வாங்கி வைப்பது நல்லது. போன தடவை வாங்கியது இந்தத் தடவைக்கு ஆகாது.

அந்த நடுக்கத்தன்று நாங்கள் செய்ததுதான் பெரிய தப்பு. பனடோல் கொடுத்தோம், போர்வை போர்த்தினோம், காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிட்டோம். அடைபட்ட கிட்னியில் கிருமி புகுந்தால் சிறுநீர் சீழாகி, வெளியே வழியில்லாமல், அழுத்தத்தில் ரத்தத்துக்குள் தள்ளப்படும். ஒரே ராத்திரியில் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போய்விடலாம். ஊசியும் மாத்திரையும் மட்டும் போதாது, தேங்கியதை வடித்தாக வேண்டும். ஸ்டென்ட் உள்ளவருக்கு 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், சிறுநீர் திடீரென நின்றுபோனால், வாந்தியும் குழப்பமுமாக இருந்தால், மணி என்னவென்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாசலிலேயே "கிட்னியில் ஸ்டென்ட் இருக்கிறது, கேன்சர் நோயாளி" என்று சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள்.

பெரியம்மாவுக்கு ஸ்டென்ட்டைக் கீழிருந்து, சிறுநீர்ப்பை வழியாக, மாற்ற முடியவில்லை. முதுகுப்பக்கம் ஊசியால் துளைத்து, நேராகக் கிட்னிக்குள் குழாய் விட்டு, வெளியே பை மாட்டினார்கள். நெஃப்ராஸ்டமி என்பது அதுதான். அன்று எங்கள் வீட்டில் அழுகை. பை மாட்டினால் கடைசிக் கட்டம் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். இந்த எண்ணத்தால் எத்தனையோ பேர் பையே வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார்கள். கல் அடைப்புக்கும் புற்றுநோய் அடைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். கட்டி வெளியிலிருந்து நசுக்கும்போது மெல்லிய குழலும் சேர்ந்து நசுங்கும், அதைச் சுற்றி வழியும் சிறுநீருக்கும் இடமிருக்காது. இப்படிப்பட்ட அடைப்பில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு ஸ்டென்ட் பலனில்லாமல் போனதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. பை பார்க்க அசிங்கம், தூங்கத் தொந்தரவு, குழாய் நழுவும். ஆனால் வடிக்கிறதா இல்லையா என்பது கண்ணெதிரே தெரியும். எனக்குக் கேட்டால் அதுவே பெரிய வசதி.

ஸ்டென்ட் உள்ளே இருப்பதாலேயே வரும் தொல்லைகள் வேறு. அடிக்கடி முட்டும், அவசரமாக ஓட வேண்டியிருக்கும், கடைசியில் எரியும், நடந்தால் சிறுநீர் ரோஸ் நிறமாகும், சிறுநீர் கழிக்கும்போது இடுப்பில் சுரீர் என்று இழுக்கும். இவை எதிர்பார்க்கக்கூடியவை. கட்டி கட்டியாக ரத்தம் வந்தால்தான் பயப்பட வேண்டும். இதைத் தணிக்க டாம்சுலோசின் எழுதுவார்கள். அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஆண்களின் ப்ராஸ்டேட் மாத்திரை என்று இருக்கும். "பொம்பளைக்கு ஆம்பளை மாத்திரை குடுத்துட்டான்" என்று எங்கள் வீட்டில் அதைக் குப்பையில் போட்டார்கள்! அது தவறிப்போய் வந்த மாத்திரை இல்லை, ஸ்டென்ட் தொல்லைக்குப் பெண்களுக்கும் தருவதுதான். அப்புறம், சிறுநீர்ச் சோதனையில் கிருமி இருக்கிறது என்று வந்தவுடன் ஆன்டிபயாட்டிக் கேட்டு நிற்காதீர்கள். ஸ்டென்ட் உள்ளவர் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சலோ வலியோ இல்லாமல் மருந்து தின்றால், நிஜமாக வேண்டிய நாளில் அது வேலை செய்யாது.

வலிக்கு என்ன போடலாம்? பாராசிட்டமால் போடலாம், அது போதாவிட்டால் டாக்டர் மார்ஃபின் வகையில் ஏதாவது தருவார், கிட்னிக்குத் தக்க அளவில். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மூலைக்கடையில் விற்கும் ஆஸ்பிரின் கலந்த தலைவலிப் பவுடர், இவையெல்லாம் பாதி உயிரோடு இருக்கும் கிட்னியையும் முடித்துவிடும். டர்பன் வார்விக் சந்தையில் கிடைக்கும் மூலிகைக் கஷாயங்களுக்கும் அதே எச்சரிக்கை. இம்பிலா என்று ஜுலு மக்கள் சொல்லும் வேர் கல்லீரலையும் கிட்னியையும் அழித்து உயிர் வாங்கியது குவாசுலு-நேட்டாலில் பதிவான விஷயம். நம் ஊர் நாட்டு மருந்து ஏதோ பத்திரமானது என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இளநீர் விஷயத்தில் நம்மவர்களோடு சண்டையே போட வேண்டியிருக்கிறது. "சூட்டைத் தணிக்கும், கிட்னியைக் கழுவும்" என்று டப்பா டப்பாவாக வாங்கி வருவார்கள். அடைப்பால் கிட்னி மந்தமாக இருக்கும்போது ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருக்கும். இளநீரில் இருப்பது பொட்டாசியம். அது எல்லை மீறினால் இதயம் நின்றுவிடும். வாழைப்பழம், ஆரஞ்சு ஜூஸ், தக்காளிக்கும் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் அனுமதி. இன்னொரு பக்கம், இரண்டு கிட்னியின் அடைப்பும் திறந்தவுடன் சிலருக்குக் குடம் குடமாகச் சிறுநீர் போகும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு உடனே வீட்டுக்குக் கூட்டிப்போகத் துடிப்பார்கள். அந்த ஓரிரு நாள் உப்பும் நீரும் அளந்து பார்க்க வேண்டிய நேரம், வார்டில் இருக்கட்டும். காவடிக்கு விரதம் இருக்கிறேன் என்று தண்ணீரைக் குறைப்பதும் ஸ்டென்ட் உள்ளவருக்கு ஆகாது. முருகன் கோபிக்க மாட்டார்.

ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் சென்னைக்கு அனுப்பும் வழக்கம் உங்களுக்கும் இருக்கும். கிட்னி எப்படி ஓடுகிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் 177 என்று பார்த்த என் சித்தப்பா மகன் நடுராத்திரியில் போன் செய்து அழுதான். இங்கே மைக்ரோமோலில் எழுதுவார்கள், அங்கே மில்லிகிராமில். 88-ஆல் வகுத்தால் 2 வரும். ஏறியிருக்கிறதுதான், ஆனால் அழும் அளவுக்கு இல்லை. ஸ்கேனில் கிட்னி இன்னும் வீங்கியே இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு ஸ்டென்ட் பழுது என்று முடிவுகட்டுவதும் அவசரம். நெடுநாள் வீங்கிய கிட்னி பழைய அளவுக்குச் சுருங்காது; கிரியாட்டினின் இறங்குகிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் இளக்கும் மாத்திரை போடுகிறவருக்கே இந்த அடைப்பும் வந்தால், முதுகில் துளைப்பதற்கு முன் அந்த மாத்திரையை நிறுத்துவதா கூடாதா என்பதை இரண்டு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். வீட்டில் முடிவெடுக்காதீர்கள்.

"கிட்னி போனால் டயாலிசிஸ் பண்ணிக்கலாம்" என்று இங்கே சொல்பவர்களுக்குச் சுப்பிரமணி வழக்கு ஞாபகமிருக்க வேண்டும். அவர் டர்பன்காரர், 41 வயது, சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர். அங்குள்ள அரசு மருத்துவமனையான அடிங்டன் டயாலிசிஸ் மறுத்ததை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம்வரை போனார். 1997 நவம்பரில் தோற்றார், சில நாளில் இறந்தார். மாற்றுக் கிட்னி பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே முதலிடம் என்ற விதியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பரவிய புற்றுநோய் உள்ளவருக்கு அரசு மருத்துவமனையில் அந்த வாசல் திறக்கும் என்று எண்ணி அடைப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக ஒன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும். எதற்காக வடிக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ கொடுக்கக் கிட்னி ஓட வேண்டும் என்றால் அது தெளிவான காரணம். அதற்கும் நல்ல நிலையில் உள்ள ஒரு கிட்னி பல நேரம் போதும், இரண்டையும் துளைக்க வேண்டியதில்லை. இனி சிகிச்சை இல்லை என்ற கட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு மயக்க மருந்து, காய்ச்சல், மீண்டும் வார்டு என்று ஓடுவதை எல்லோரும் விரும்ப மாட்டார்கள். கிட்னி மெல்ல ஓயும்போது தூக்கம் கூடி அமைதியாகப் போவது பலருக்கு நடக்கிறது. வாந்தி, அரிப்பு வந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. கடைசிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிறது. நோயாளிக்குத் தெரியாமல் பிள்ளைகள் வராந்தாவில் பேசி முடிப்பதுதான் தவறு.

பெரியம்மாவிடம் டாக்டர் நேராகவே கேட்டார். அவர் யோசித்துவிட்டு, "தைப்பூசக் காவடி பார்க்கணும், அதுவரைக்கும் மாத்துங்க" என்றார். முதுகுக் குழாய்க்கும் கெடு உண்டு; ஜனவரியில் அதை மாற்றினோம். காவடியன்று பையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏப்ரல் கெடு வந்தபோது வேண்டாம் என்றார். நாங்கள் மறுபேச்சுப் பேசவில்லை.