தேங்காய் மாவு ரோல்: உடையாமல் சுருட்ட

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் முதல் வெட்டு இட்லிக்கும் தோசைக்கும், அடுத்தது ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. கோதுமைக்கு மாறினால் போதும் என்று நினைத்தோம், ஆனால் 30 கிராம் மாவில் போட்ட ஒரு சப்பாத்தியிலேயே சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அவர் உட்கார்ந்தால் நாலு சாப்பிடுவார். அப்போது பிடித்ததுதான் தேங்காய் மாவு.

கடையில் வாங்கலாம், விலை கடிக்கும். குடியாத்தம் பக்கத்துத் தேங்காய் வாங்கிப் பால் எடுக்கிற வீடு என்றால் அந்தச் சக்கையைக் கொட்டாதீர்கள். நன்றாகப் பிழிந்து, வெள்ளைத் துணியில் மெல்லிசாகப் பரப்பி மாடியில் போடுங்கள், வேலூர் வெயிலுக்கு ஒன்றரை நாளில் கையில் நொறுங்கும். மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்துச் சலியுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் சூடேறி எண்ணெய் விட்டுக் கட்டியாகும். கொப்பரையை அரைத்தால் இந்த மாவு கிடைக்காது, அதில் எண்ணெய் அதிகம்.

இந்த மாவில் குளூட்டன் (கோதுமை மாவை இழுபட வைக்கும் பசை) கிடையாது, தனியாகப் பிசைந்தால் பிட்டு மாதிரி உதிரும். பிடித்து நிறுத்துவது இசப்கோல் உமிதான், தண்ணீரில் வழவழவென்று ஊறும் ஒரு விதையின் தோல். மெடிக்கலில் கேளுங்கள், ஆனால் ஆரஞ்சு வாசனை போட்டது வேண்டாம், அதில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். உமியையும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றித் தூளாக்குங்கள்.

நாலு ரொட்டிக்கு 60 கிராம் தேங்காய் மாவு, 2 மேசைக்கரண்டி இசப்கோல் தூள், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். தண்ணீர் கொதித்து இறக்கிய சூட்டில், முதலில் 200 மில்லி. மீதி 50 மில்லியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடை மாவு நிறையக் குடிக்கும், நம் சக்கை மாவில் எண்ணெய் இருப்பதால் அவ்வளவு குடிக்காது. ஊற்றியதும் கூழ் மாதிரி இருக்கும். பயந்துபோய் மேலே மாவைக் கொட்டாதீர்கள், நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன், கடைசியில் வறட்டியாக வந்தது. கரண்டியால் கிளறி மூடிப் பத்து நிமிடம் விட்டால் போதும், விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து ஓரம் வெடிக்காமல் நிற்க வேண்டும். வெடித்தால் ஒரு கரண்டி வெந்நீர், கையில் ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். உமியைப் பொறுத்துச் சிலசமயம் உருண்டை லேசான ஊதா நிறத்துக்குப் போகும், கெட்டுப்போகவில்லை.

பலகையில் மாவு தூவித் தேய்க்கிற வேலை இதில் நடக்காது. எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, ஒரு தாளை உரித்து, உள்ளங்கையில் கவிழ்த்து அடுத்ததை உரித்து, தோசைக்கல்லில் போடுங்கள். மிதமான தீ. ஒரு பக்கம் இரண்டு நிமிடம் ஆகாமல் திருப்பினால் கிழியும். சுட்டதைத் துணியில் மூடி வையுங்கள், அந்த ஆவியில்தான் சுருட்ட வருகிற பதம் வரும்.

உள்ளே வைக்க எங்கள் ஊருக்கு முட்டைப் பொடிமாஸ், மீந்த கோழி வறுவல், எல்லாவற்றுக்கும் மேலே இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். புவிசார் குறியீடு வாங்கிய காய், எண்ணெயில் சுருள வதக்கிக் குழம்பில்லாமல் வைத்தால் ரொட்டி ஊறாது. உருளைக்கிழங்கு மசாலா வைத்தால் பட்ட பாடு வீண்.

ஆளுக்கு இரண்டு போதும், நார்ச்சத்து வயிற்றை அடைக்கும், அதனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அளவு மாற்ற வேண்டியிருக்கும். இசப்கோல் சேர்த்த சாப்பாட்டோடு மாத்திரையை ஒன்றாகப் போடாமல் கொஞ்ச நேரம் இடைவெளி விடுவதும் நல்லது. மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், மறுபடி கல்லில் சூடு காட்டிவிட்டுச் சுருட்டுங்கள், சில்லென்று சுருட்டினால் நடுவில் பிளந்துவிடும்.