85,000 பேரை 19,464 என்று எண்ணிய கணினி: பழைய போர் விளையாட்டைப் புதுப்பிப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து புளோக்கில் வசிக்கும் அண்ணன் ஒருவர், 1990களில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது, சிம் லிம் ஸ்குவேரில் பாகம் பாகமாக வாங்கித் தாமே பூட்டிய கணினியில் ஒரு போர் விளையாட்டு எழுதினார். களம், அறுகோணக் கட்டங்களாகப் பிரித்த ஜொகூரும் சிங்கப்பூரும். காலம், 1942 பிப்ரவரி. அதன் மூல நிரல் இரண்டு ஃபிளாப்பி வட்டுகளில் எப்படியோ பிழைத்திருந்தது. இன்றைய கணினியில் அதை ஓடவைக்க நானும் நண்பரும் எட்டு மாதமாகத் தேக்கா உணவங்காடியில் மடிக்கணினியும் தேநீருமாக வார இறுதிகளைக் கழித்துவருகிறோம். அதில் இரண்டு மாதம் முழு விரயம்.

அந்த விரயம்தான் முதல் தவறு. பழைய நிரல் அசிங்கமாக இருக்கிறதென்று தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக எழுதத் தொடங்கினோம். எழுதியது சரியா என்று எதை வைத்துச் சொல்வது? பிறகுதான் புத்தி வந்தது. பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் பழைய விளையாட்டை ஓடவிட்டு, பக்கத்தில் புதியதை ஓடவிட்டு, இரண்டிலும் ஒரே நகர்வைச் செய்து பார்த்தோம். பழைய கம்பைலரின் (மூல நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) தற்செயல் எண் சூத்திரத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டால், ஒரே தொடக்க எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே பகடை விழும். விழாத இடத்தில் பிழை இருக்கிறது. இந்தச் சாட்சி கையில் இல்லாமல் ஒரு வரியையும் திருத்தாதீர்கள்.

எங்களைத் திக்குமுக்காட வைத்த தவறு அடுத்தது. புதிய கம்பைலரில் நிரல் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. ஆனால் கணினி நடத்தும் ஜப்பானியப் படை ஜொகூரிலேயே உட்கார்ந்துவிட்டது. சுற்றுக்குமேல் சுற்று போகிறது; நீரிணையைக் கடக்க மாட்டேன் என்கிறது. பழைய விளையாட்டில் மூன்றாம் சுற்றிலேயே பாய்ந்து வரும் படை அது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. கடப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், தீவைக் காக்கும் படைகளைக் கணினி கூட்டிப் பார்க்கிறது. மொத்தம் 85,000 பேர். அண்ணனின் கம்பைலரில் ஒரு முழு எண்ணுக்கு 16 பிட்தான், அதாவது 0, 1 என்னும் பதினாறு இலக்கம்தான் இடம். அதற்குள் 85,000 அடங்காது. 65,536 கழன்று போக, மிஞ்சுவது 19,464. எதிரே ஜப்பானியர் 30,000 பேர். நம் பலமே அதிகம் என்று நம்பிக் கணினி துணிந்து கடந்துவந்திருக்கிறது. இன்றைய கம்பைலரில் அதே எண்ணுக்கு 32 பிட். கூட்டல் சரியாக வந்தது, ஆட்டம் படுத்துவிட்டது.

வரலாற்றில் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவும் ஏறத்தாழ இதே கணக்கில்தான், தம்மைவிடப் பெரிய படையை நோக்கி, பிப்ரவரி 8 இரவு தீவின் வடமேற்குக் கரையில் தம் வீரர்களை இறக்கினார். ஆக, அண்ணனுக்கே தெரியாத ஒரு பிழைதான் அந்த விளையாட்டில் யமாஷிதாவாக இருந்திருக்கிறது! பிழையை அப்படியே விட்டுவைக்கவும் மனமில்லை. கூட்டலைச் சரியாக விட்டுவிட்டு, எதிரி பெரியவனாக இருந்தாலும் தாக்கலாம் என்பதைத் தனி விதியாக, பெயரிட்டு எழுதினோம். அடுத்து நிரலைப் படிப்பவர் தடுமாறக் கூடாது. இதே பிட் மாற்றத்தால் பழைய சேமிப்புக் கோப்புகளும் குப்பையாகப் படிக்கப்படும். எண்ணின் அளவைக் குறிப்பிட்டே கோப்பைப் படியுங்கள்.

அலுப்பான விதியை எடுத்துவிடுவது இன்னொரு தவறு. ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. இந்தக் காலத்தில் யாருக்கு அவ்வளவு பொறுமை என்று நண்பர் அதைத் தானியங்கியாக்கினார். ஜப்பானியப் பீரங்கிகளுக்கு அட்சய பாத்திரம் கிடைத்தது போலாயிற்று. புக்கிட் தீமாவைப் பிடித்த பிறகு குண்டு தீர்ந்துகொண்டிருந்தும் தீராதது போல் நெருக்கியதுதான் அந்தப் போரின் உயிர்நாடி. பிப்ரவரி 15 அன்று ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தபோதும் யமாஷிதாவின் கையிருப்பு வற்றிப்போயிருந்தது. பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஆறு கிளிக்குகளில் நடந்த வேலையை மட்டும் இரண்டாகக் குறைத்தோம். சலிப்பு விதியிலா, விரலிலா என்று முதலில் பாருங்கள்.

படங்களைப் பற்றி இரண்டே செய்தி. விஜிஏ என்னும் பழைய திரைத்தரத்தின் நிறப்பட்டியலில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 63 வரைதான். அப்படியே இன்றைய 255 அளவுக்குக் கொடுத்தால் நடுப்பகலிலும் களம் அமாவாசையாகத் தெரியும், நான்கால் பெருக்குங்கள். 320க்கு 200 பிக்சல் படம் அன்று 4:3 திரையை நிறைத்தது, அதனால் ஒவ்வொரு பிக்சலும் சற்று நெட்டையானது. சதுரமாக நினைத்துப் பெரிதாக்கினால் அறுகோணங்கள் சப்பிப்போகும். அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்கினால் 1600க்கு 1200, கச்சிதம்.

புதியதைக் கொடுக்கும்போது பழையதைப் பிடுங்காதீர்கள். 2020 ஜனவரியில் ஒரு பழைய விளையாட்டின் புதுப்பிப்பாக வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு வந்தபோது, பழைய பதிப்பை வைத்திருந்தவர்கள்மீதும் புதிய நிரல் திணிக்கப்பட்டது. பலர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் புதுப்பித்து வெளியிட்ட கமாண்டு அண்டு கான்கர் என்ற பழைய போர் விளையாட்டுத் தொகுப்பில் ஒரு விசையைத் தட்டினால் பழைய படமும் புதிய படமும் மாறி மாறித் தெரியும். எனக்கு அந்த அடக்கம் பிடித்திருந்தது. அதன் மூல நிரலில் ஒரு பகுதியையும் வெளியிட்டார்கள், ஆனால் படமும் இசையும் அந்த அனுமதியில் சேராது. கடையில் கிடைக்காத விளையாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணுவதும் தவறுதான். எங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை, உரிமையாளர் எதிர் புளோக்கில் இருக்கிறார்.

சென்ற மாதம் அவரையே விளையாட வைத்தோம். படத்தைப் பாராட்டினார், மவுஸை மெச்சினார். படைகளை நகர்த்தி முடித்ததும் அவருடைய கட்டைவிரல் தானாக ஸ்பேஸ் விசையைத் தட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். சுற்றை முடிக்க மூலையில் அழகான பொத்தான் வைத்திருக்கிறோம் அண்ணே என்றேன். பொத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூன்றாம் முறையும் ஸ்பேஸையே தட்டினார்.