முழங்கால் மடங்காதவர்கள் ஜெபிப்பது எப்படி

முதல் வேலையாக, விடியற்காலை நாலு மணி ஜெபத்தை விட்டுவிடுங்கள். இதைச் சொன்னதற்காக எங்கள் சபையிலேயே இரண்டு பேர் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். மொபட்டிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே பாதி வேலை செய்வதில்லை. அதற்கு முன்னால் முழு இரவு ஜெபம், உபவாசம் எல்லாவற்றிலும் முன்வரிசை ஆள். விழுந்த பிறகும் ஒரு வருஷம் அதே அட்டவணையைப் படுக்கையில் கிடந்தபடி ஓட்டப் பார்த்தேன். அலாரம் அடித்ததும் கால் வெட்டி இழுக்கும், ஒரு வசனமும் மண்டையில் ஏறாது, அப்புறம் அன்றைக்குப் பூராவும் குற்ற உணர்ச்சி.

அதனால் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்: வலி எப்போது குறைகிறது, மாத்திரைத் தூக்கம் எப்போது தெளிகிறது, வீடு எப்போது அமைதியாகிறது. எனக்கு அது காலை பத்தரை. பக்கத்துத் தறிச் சத்தம் மட்டும் கரண்ட் போனால்தான் நிற்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் இருபது நிமிஷம் போதும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இன்னொரு வழி. படுக்கைப் புண் வராமல் இருக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைப்பார்கள், இல்லையா? ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு ஆளின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். திருப்பிவிடுகிறவருக்காகவே முதல் ஜெபம் இருக்கட்டும், அவருக்கும் இடுப்பு வலிக்கும். உபவாசத்தை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். புண் ஆறுவதற்கு முட்டையும் பருப்பும் உள்ளே போயாக வேண்டும்.

வேதாகமம் கனமாக இருந்தால் போனில் ஒலி வேதாகமம் கேளுங்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்களுக்கு வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் ஒன்றான 119ஆம் சங்கீதம்: 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி, நாளுக்கு ஒன்று. கோபமாக இருக்கும் நாளில் 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். அது இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆறுதலாகப் பதில் ஒன்றும் வருவதில்லை, அப்படியும் அது ஜெபமாக வேதாகமத்தில் இருக்கிறது.

அடுத்து, வீட்டுக்கு வருகிறவர்கள். "விசுவாசம் பத்தலையாட்ட இருக்குதுங் தம்பி" என்று ஒரு அக்கா காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார், அதை ஜீரணிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அப்போஸ்தலர் பவுல், உடம்பில் ஒரு முள் என்று தான் சொன்ன உபாதையை எடுக்கச் சொல்லிக் கர்த்தரிடம் மூன்று தரம் கேட்டார். எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அவரோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனபோது அதே பவுல், வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னாரே தவிர விசுவாசத்தைக் குறை சொல்லவில்லை. வந்தவர்களோடு வாதாட வேண்டாம். "நீங்க ஜெபம் பண்ணுங்கக்கா, நான் மாத்திரையைப் போட்டுக்கறனுங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுங்கள். மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

சபைக்குப் போக வேண்டுமா, கேளுங்கள், அதுவும் அடிக்கணக்கில் அளவு சொல்லிக் கேளுங்கள். "ஏதாவது வசதி பண்ணுங்க ஐயா" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஒரு அடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சரிவுப் பாதை வேண்டும் என்று காகிதத்தில் வரைந்தே கொடுங்கள், இல்லாவிட்டால் லாரியில் மாடு ஏற்றும் பலகை மாதிரி ஒன்றைக் கட்டி வைத்துவிடுவார்கள். போக முடியாத மாதத்தில் திருவிருந்தை, அதாவது சபையில் கொடுக்கும் அப்பத்தையும் ரசத்தையும், வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. தூக்குகிறவர்களிடம் எங்கே பிடிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கொடுங்கள். வேதாகமத்தில் கப்பர்நகூம் ஊரில் நாலு பேர் இயேசு இருந்த வீட்டின் கூரையைப் பிரித்து இறக்கினார்களே, நடக்க முடியாத அந்தத் திமிர்வாதக்காரனை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்; நான் கூச்சப்பட்டே ஒரு வருஷத்தை வீணாக்கியவன்.

வாங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே ஏதோ புளித்துப்போகிறது, அதனால் ஒரு ஊழியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் கொல்லிமலையில் எவ்லின் பிராண்ட் என்று ஒரு மிஷனரி அம்மா இருந்தார். கணவர் ஜெசி 1929இல் காய்ச்சலில் இறந்தார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் இவர் மலைக்கே திரும்பினார். இடுப்பெலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கம்பை ஊன்றி நடந்தார், மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974இல் இறக்கும்போது வயது 95. "அந்தப் பாட்டியே ஏறினாங்க, உனக்கென்ன" என்று யாராவது ஆரம்பித்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அவர் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. இடுப்பு சரியாகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்.

என் ஊழியம் சின்னது. செவ்வாய்க்கிழமை ஆறு பேருக்கு போன் போடுவேன், எல்லாரும் வீட்டோடு கிடப்பவர்கள். யாருக்கு ஸ்கேன், யாருக்கு மகள் கல்யாணம் என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது, அடுத்த வாரம் மறக்காமல் விசாரிக்க வேண்டுமே. சனிக்கிழமைகளில், சபையின் ஞாயிறு பள்ளியில் வேதம் படிக்கும் பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்பிக்க வருவார்கள். தப்பில்லாமல் சொன்னால் என் வீல்சேரை வாசலில் ஒரு சுற்றுத் தள்ளலாம் என்று ஒப்பந்தம். 119இல் நாலாவது பகுதி வரைக்கும் வந்துவிட்டார்கள், டயருக்குத்தான் இரண்டு தரம் பஞ்சர் ஒட்டியாயிற்று.