ஊட்டி வானத்துக்கு ஏற்ற பல்சர்களைப் பட்டியலிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி?

பல்சர் என்பது சுழன்றபடி சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன். இதுவரை கண்டறியப்பட்ட பல்சர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அவற்றின் அளவுகளை ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ பராமரிக்கும் ஏடிஎன்எஃப் (ATNF) பல்சர் பட்டியல் இலவசமாகத் தருகிறது. பக்கத்தைத் திறந்தால் தேர்வுப் பெட்டிகள் ஏராளம். தொடக்கத்துக்கு எட்டு போதும்: பெயர், வல ஏற்றம், நடுவரை விலக்கம் (இவ்விரண்டும் வானத்தில் அதன் இடத்தைச் சொல்லும்), பி0 (P0, துடிப்பு நேரம்), பி1 (P1, அது மாறும் வீதம்), பிஇபாக் (PEPOCH, அந்த நேரம் எந்தத் தேதிக்கு உரியது), டிஎம் (DM, வழியிலுள்ள எலெக்ட்ரான்களின் அளவு), எஸ்400 (S400, ரேடியோ பிரகாசம்). பெயரில் 'பி' (B) இருந்தால் 1950 ஆயத்தொலைவு, 'ஜே' (J) இருந்தால் 2000. பி0833-45, ஜே0835-4510 இரண்டும் வேலா பல்சர்தான்.

1. நிபந்தனை எழுதுதல்

ஊட்டியின் அகலாங்கு 11.4 பாகை. ஒரு பல்சர் உச்சியில் எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்கு, அகலாங்குக்கும் அதன் நடுவரை விலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை 90-இலிருந்து கழியுங்கள். வேலா (-45) தெற்கே சுமார் 33 பாகை வரை ஏறும். மலைமுகடு மறைக்காமல் இருக்க 20 பாகையாவது வேண்டும் என்று வைத்தால், நிபந்தனை:

டெக்ஜேடி > -58 && எஸ்400 > 100

(பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்: DecJD, S400.) டெக்ஜேடி என்பது நடுவரை விலக்கம். கடைசி 'டி' முக்கியம், அதுதான் பாகையில் உள்ள எண். எஸ்400 என்பது 400 மெகாஹெர்ட்ஸில் பல்சரின் பிரகாசம், மில்லி ஜான்ஸ்கி என்ற அலகில். ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவின் ரேடியோ தொலைநோக்கி இயங்குவது 326.5 மெகாஹெர்ட்ஸ் என்பதால், எஸ்1400-ஐவிட (1400 மெகாஹெர்ட்ஸில் பிரகாசம்) இதுவே நெருக்கமான அளவுகோல். அந்த அதிர்வெண்ணில் பெரும்பாலான பல்சர்கள் இன்னும் சற்றுப் பிரகாசமாகவே இருக்கும். கொடைக்கானலுக்கு ஒரு பாகைதான் வேறுபாடு. இதே நிபந்தனை செல்லும்.

பிற்சேர்க்கை: தெரிந்த பல்சர் ஒன்று பட்டியலில் வரவில்லையே என்று சிலர் கேட்டார்கள். எஸ்400 அளக்கப்படாத பல்சர்களின் இடத்தில் நட்சத்திரக் குறிதான் இருக்கும். நிபந்தனை வைத்த உடனே அவை சத்தமில்லாமல் விழுந்துவிடும். சந்தேகம் வந்தால் எஸ்400 நிபந்தனையை எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள்.

2. எப்போது பார்ப்பது

வல ஏற்றமும் உள்ளூர் விண்மீன் நேரமும் (சூரியனை அல்லாமல் விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் நேரம்) சமமாகும்போது பல்சர் உச்சியில் இருக்கும். ஊட்டியின் சூரிய நேரம் இந்திய நேரத்துக்கு 23 நிமிடம் பின்தங்கியது. இதை மறந்தால் குறுகிய கற்றை கொண்ட ஆன்டெனாவில் பல்சர் தவறிப்போகும். மார்ச் 21-இல் வேலா இரவு 9 மணி அளவில் உச்சிக்கு வரும். நாளுக்கு நான்கு நிமிடம் முன்னதாக.

3. பி0-வை அப்படியே பயன்படுத்தாதீர்கள்

நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. பட்டியலில் உள்ள துடிப்பு நேரம் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு உரியது, உங்கள் ஆன்டெனாவுக்கு அல்ல. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால் துடிப்பு நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை மாறும். வேலா கிரகணப் பாதையிலிருந்து (வானில் சூரியன் செல்லும் பாதை) 60 பாகை தள்ளி இருப்பதால் அதற்குப் பாதிதான். அப்படியும் ஒரு மணி நேரப் பதிவில் 0.18 நொடி, அதாவது இரண்டு முழுத் துடிப்பு நழுவும். மங்கலான பல்சரைப் பார்க்க துடிப்புகளை அடுக்கிக் கூட்டுவோம்; அவை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் வெறும் இரைச்சலாகிவிடும்.

அது போதாதென்று, வேலா மெதுவாகிக்கொண்டும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திடீரெனக் குதித்து வேகமும் எடுக்கிறது. ஆகவே பிஇபாக் எந்தத் தேதி என்று கட்டாயம் பாருங்கள். அது எம்ஜேடி எண்ணில் (வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் முறை) இருக்கும். 51544 என்றால் 2000 ஜனவரி 1.

சரியான வழி: அந்தப் பல்சரை மட்டும் தேர்ந்து 'எஃபெமெரிஸ்' (அதன் அளவுகளின் தொகுப்பு) எடுத்து, கோப்பாகச் சேமித்து, பிரெஸ்டோ (PRESTO) என்ற பல்சர் மென்பொருளின் பிரெப்ஃபோல்டு (prepfold) நிரலுக்குக் கொடுங்கள். டெம்போ2 (Tempo2) என்ற துடிப்பு நேரக் கணக்கீட்டு நிரல் நுணுக்கமானதுதான், ஆனால் தொடக்கக்காரருக்கு பிரெப்ஃபோல்டையே சொல்வேன். நீங்கள் கொடுத்த மதிப்பைச் சுற்றியும் அது தேடிப் பார்க்கும்.

4. டிஎம்

விண்மீன்களுக்கு இடையிலுள்ள எலெக்ட்ரான்கள் தாழ் அதிர்வெண்ணைத் தாமதப்படுத்தும். வேலாவின் டிஎம் சுமார் 68. 326.5 மெகாஹெர்ட்ஸில் 16 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் மட்டும் தாமதம் ஏறத்தாழ 0.26 நொடி; துடிப்பு நேரமோ 0.089 நொடி. திருத்தாமல் எதுவும் தெரியாது. டிஎம் 3-க்குள் உள்ள பி0950+08 இந்த விஷயத்தில் எளிது, அதனால் பழக அதையும் பட்டியலில் வையுங்கள்.

5. சேமித்தல்

வெளியீட்டுக்குப் பிழை எண்கள் இல்லாத குறுகிய வடிவத்தையோ சிஎஸ்வியையோ தேர்ந்தெடுங்கள். பட்டியல் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. பதிப்பு எண்ணையும் கோப்பின் தலையில் எழுதுங்கள். மழைக்காலத்தில் இணையம் நின்றுபோகும் ஊர்களில் இருப்பவர்கள் பிஎஸ்ஆர்கேட் (psrcat) என்ற, இதே பட்டியலைக் கணினியில் தேடும் நிரலை முழுத் தரவோடு முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. மேலே சொன்ன நிபந்தனை அதிலும் அப்படியே வேலை செய்யும்.