ரத்தம் குடித்த மூட்டைப்பூச்சி மருந்துக்கு எளிதில் சாகாது

பட்டினியில் காகிதம்போல் தட்டையாகக் கிடக்கும் மூட்டைப்பூச்சியைவிட, அப்போதுதான் ரத்தம் குடித்துச் செக்கச்செவேலென உப்பிய பூச்சி டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி மருந்தைக் கூடுதலாகத் தாங்கும். ஆகவே பட்டினிப் பூச்சி செத்ததை வைத்து, எல்லாம் ஒழிந்தன என்று முடிவு கட்டாதீர்கள்.

குடிக்க 5 முதல் 10 நிமிடம் போதும். பிறகு பல நாள் இடுக்கில் கிடந்து செரிக்கும். அதனால் கட்டிலின் திருகு ஓட்டை, சட்ட மூட்டு, மெத்தைத் தையல் மடிப்பு எல்லாவற்றிலும் முதலில் நீராவி பிடியுங்கள். நீராவிக் குழாயை வேகமாக இழுத்தால் சூடு உள்ளே இறங்காது, முட்டை தப்பிவிடும். நன்றாகக் காய்ந்தபின், லேபிளில் உள்ள அளவில், இடுக்குகளில் மட்டும் மருந்தடியுங்கள். படுக்கும் பரப்பில் வேண்டவே வேண்டாம். முட்டை பொரிய 6 முதல் 10 நாள் ஆகும். 14ஆம் நாள் மறுபடி அடிப்பது கட்டாயம்.

அறையைப் பூட்டிப் பட்டினி போடுவது பலிக்காது: மாதக்கணக்கில் பிழைத்திருக்கும்.