அணைக்குக் கீழே ஆறு எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்டறிவது எப்படி?

ஒரு பெரிய அணை ஆற்றை என்ன செய்திருக்கிறது என்று அறிய முற்படுபவர்கள் பெரும்பாலும் ஆண்டின் மொத்த நீரளவையே முதலில் தேடுகிறார்கள். அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மின்னுற்பத்திக்கான அணையில் ஆண்டு மொத்தம் அதிகம் மாறாமலே, வெள்ளத்தின் உச்சம் தணிந்து, வறண்ட மாதங்களின் நீரோட்டம் கூடி, மின்தேவைக்கேற்ப ஒரே நாளில் நீர்மட்டம் ஏறி இறங்கக்கூடும். அணைக்கு முன்பும் பின்பும் இருபது ஆண்டுகளின் தினசரிப் பதிவுகளை எடுத்து, ஒவ்வோர் ஆண்டின் உச்ச வெள்ளத்தையும் அது வந்த மாதத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு நாளுக்குள் நிகழும் ஏற்ற இறக்கத்தைத் தினசரிச் சராசரி மறைத்துவிடும் என்பதால், அதற்கு மணிக்கொரு முறை எடுத்த பதிவு வேண்டும்.

அடுத்து வண்டல். என் கணிப்பில் மிக ஆழமான காயம் இங்கேதான் இருக்கிறது. நீர்த்தேக்கத்தில் நுழையும் ஆறு வேகம் இழப்பதால் மணலும் கூழாங்கல்லும் தேக்கத்தின் நுழைவுப் பகுதியிலேயே படிகின்றன. தேக்கம் பெரிதாயின் களிமண்ணிலும் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியேறும் தெளிந்த நீருக்கு மண் சுமக்கும் வலு மிச்சமிருப்பதால், அது படுகையையும் கரையையும் அரித்தெடுக்கிறது. நீரியலாளர்கள் இதைப் ‘பசித்த நீர்’ என்பார்கள். செந்நிறத்தால் பெயர்பெற்ற அமெரிக்காவின் கொலராடோ ஆறு, 1963-இல் கிளென் கேன்யன் அணை மூடப்பட்ட பின் அதற்குக் கீழே பச்சைத் தெளிநீராக ஓடுகிறது. கரைந்துபோன மணல்திட்டுகளை மீட்க 1996-இல் ஏழு நாட்கள் விநாடிக்கு 45,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. திட்டுகள் உயர்ந்தன, ஆனால் நிலைக்கவில்லை.

இந்த அரிப்பை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே அளவு நீர், எடுத்துக்காட்டாக விநாடிக்கு 100 கனமீட்டர், ஓடிய நாட்களில் அளவுகோல் காட்டிய நீர்மட்டத்தை ஆண்டுவாரியாகக் குறித்து வாருங்கள். அந்த மட்டம் தொடர்ந்து இறங்கினால் படுகை தாழ்கிறது என்று பொருள். களத்தில், வறண்ட திட்டின் மேற்கற்களைக் கையால் புரட்டிப் பாருங்கள்: மேலே கற்கள் மட்டும் நெருங்கிக் கிடக்க, அடியில் மணலும் பொடிக்கல்லும் இருந்தால், நுண்ணியவை அடித்துச் செல்லப்பட்டு ஆறு கற்கவசம் பூண்டிருக்கக்கூடும்.

முகத்துவாரத்தில் உவர்ப்பை மேற்பரப்பில் மட்டும் அளப்பது போதாது. கடல்நீர் கனமானது, நன்னீருக்கு அடியில் ஆப்பு போல உள்நுழையும். வறண்ட மாதத்தில், கடல் ஓதம் உச்சத்தில் இருக்கும்போது, அடித்தளத்துக்கு அருகே அளந்தால்தான் அது எட்டியிருக்கும் தூரம் தெரியும். கரையோரத்தைப் பழைய வரைபடங்களோடும் செயற்கைக்கோள் படங்களோடும் ஒப்பிடுங்கள். 1964-இல் நீரைத் தேக்கத் தொடங்கி 1970-இல் கட்டி முடிக்கப்பட்ட எகிப்தின் அஸ்வான் உயர் அணைக்குப் பின், நைல் டெல்டாவின் ரஷீத் முனை வேகமாகப் பின்வாங்கியது. மீன்பிடிப் பதிவுகளையும் சேர்த்துப் பாருங்கள்: வெள்ளம் சுமந்து வந்த ஊட்டச்சத்து நின்றதும், அந்தக் கடலோரத்தில் 1962-இல் சுமார் 18,000 டன்னாக இருந்த மத்தி மீன்பாடு 1968-க்குள் ஆயிரம் டன்னுக்கும் கீழே சரிந்தது.

அனைத்தையும் அணையின் மீது சுமத்துமுன், மழையளவையும் மணல் அள்ளலையும் சரிபாருங்கள். அணை இல்லாத அண்டை ஆறு ஒன்றை அதே ஆண்டுகளுக்கு அதே முறையில் அளந்து, அங்கும் அதே மாற்றம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அந்த அளவை அணையின் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும்.